அந்தக் கோப்பு எஸ்தர் அக்காவுடையது அல்ல

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். டெங்குக் காய்ச்சல், காப்பாற்ற முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றுக்கு நடுவே எங்கள் மேலாளர், "ஆழ்ந்த இரங்கல். மெயின் ஷோரூமில் பில்லிங் ஓடுதா?" என்று கேட்டிருந்தார். இரண்டும் ஒரே செய்தியில்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளின் கணினிகளைப் பராமரிக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. கடைகளின் சரக்கும் பில்லும் சென்னையில் உள்ள ஒரு தரவுத்தளத்தில் பதிவாகும். அந்த இணைப்பு அறுந்தால் ஒரு புடவைக்கும் பில் போட முடியாது. உடனே எங்களைக் கூப்பிடுவார்கள். என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. அங்கே என்னோடு வேலை செய்த எஸ்தர் அக்கா அப்படியல்ல.

அவரோடு நான் முதன்முதலில் போன கடையில் கல்யாணக் கூட்டம். பில் போடும் கணினி முடங்கிக் கிடந்தது. ஏதோ ஒரு சோதனைக் கருவியை இறக்கி நிறுவச் சொல்லி மேலாளர் தொலைபேசியில் கத்தினார். அக்கா முகத்தைச் சுளித்தார். "சீ! அடுத்தவங்க மெஷின்ல கண்டதக் கொண்டாந்து கொட்டுவாங்களா? இன்னா பொழப்பு இது!"

அவர் திரையில் ஒரு வெற்று உரைக்கோப்பை உருவாக்கினார். அதன் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை யு.டி.எல். என்று மாற்றி, இருமுறை தட்டினார். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. சென்னை சர்வரின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் இட்டு, இணைப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தினார். விண்டோஸிலேயே இருக்கும் வசதிதான். சர்வரையே காணோம் என்று வந்தால் வழி அறுந்திருக்கிறது. உள்ளே விட மறுத்தால் வழி சரி, கடவுச்சொல்தான் தவறு.

கடையின் கணக்கர் சும்மா இருக்கவில்லை. "இன்னாமா, ஒண்ணுமே போடாம வைத்தியம் பாத்துக்கினு இருக்கற?"

"வயித்து வலின்னு வந்தா மொதல்ல அமுக்கிதான்ணே பாக்கணும். வந்ததும் கிழிக்கச் சொல்றீங்களா?"

கணக்கரே சிரித்துவிட்டார். அன்று சிக்கல் சென்னைப் பக்கம் இருந்தது. கிளம்பும் முன் அக்கா அந்தக் கோப்பை அடியோடு அழித்தார். கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொல்லிவிட்டு ஓகே கொடுத்தால், அது அந்தக் கோப்புக்குள் அப்பட்டமாக உட்கார்ந்துவிடும். நோட்பேடில் திறந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். "துன்ன எலைய அப்படியே வுட்டுட்டு எழுந்துக்கற சாதி இல்லமா நானு" என்றார் அக்கா.

மேலாளர் இந்த முறையை நாட்டு வைத்தியம் என்று கேலி செய்வார். அவரே ஒருநாள் அவசரத்தில் ஒரு கடைக்குப் போய் இதையே செய்தார். சேமிக்கும் கட்டத்தில் டிக் போட்டு, ஓகே கொடுத்து, கோப்பைத் திரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அதைத் திறந்து கடவுச்சொல்லைப் பார்த்த எவரோ தரவுத்தளத்துக்குள் புகுந்து வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை எல்லாம் அள்ளிக்கொண்டார். கல்யாண வீடுகளுக்கு வேறு கடைகளிலிருந்து அழைப்புகள் போயின.

அந்தக் கடையிலேயே நடந்த விசாரணைக்குக் கடை முதலாளி வந்தார். மேலாளர் யோசிக்கவே இல்லை. "இந்த மாதிரி எஸ்தர்தான் சார் பண்ணும்."

அக்கா அந்தக் கோப்பின் விவரத்தைத் திறந்து காட்டினார். உரிமையாளர் என்ற இடத்தில் மேலாளரின் லாகின் பெயர் இருந்தது. முதலாளி பார்த்தார். அந்தக் கடையின் கணக்கர் பார்த்தார். நானும் பார்த்தேன். "அக்கா பேர் அதுல இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "உன்ன யாருமா கேட்டா?" என்றார் மேலாளர்.

முதலாளி அவரைத் தனியாக அழைத்துக் கேட்டது கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. "அந்தம்மா எந்தப் பக்கம்?"

"மாகறல் பக்கம் சார். காலனி."

"அதானே."

இதை எழுதும்போதும் வாயில் கசப்பு ஊறுகிறது. கண்ணால் பார்த்ததைவிட அந்த ஒரு சொல் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வேலையில் இருக்கலாம் என்றார்கள். "செய்யாததுக்கு எழுதற கை எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார். அதன்பின் ஸ்ரீபெரும்புதூரில் வேலை கேட்ட இடங்களிலிருந்தெல்லாம் எங்கள் மேலாளரிடம்தான் விசாரித்தார்கள். "பாஸ்வேர்ட வெளிய வுட்டவங்க" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். எவ்வளவு எளிதாகச் சொன்னார் என்பதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டிருக்கிறேன். அக்கா ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "வேல போனா போவுது கலை. என்னப் பாத்தா கண்ணத் தாழ்த்திக்கினு போறாங்க பாரு, அதத்தான் தாங்க முடியல" என்று ஒருமுறை சொன்னார்.

இறந்த செய்தி வந்த அன்று அவருடைய வீட்டுக்கு நான் போனபோது மேலாளர் மலர்வளையத்துடன் முன்னால் நின்றிருந்தார். அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பழுக்கு இல்லாத ஸ்டாஃபுப்பா. எங்களுக்குப் பெரிய இழப்பு" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப பாஸ்வேர்ட அவ வுடல, இல்ல சார்?"

"சேச்சே, இப்ப எதுக்குப்பா அதெல்லாம்."

"இப்பதான் சார் வோணும். தெருவே நிக்குது. வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்க."

மேலாளர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க" என்றபடி வெளியே நடந்தார். அதன் திரை கருப்பாகவே இருந்தது. சாமுவேல் அண்ணன் அந்த மலர்வளையத்தை எடுத்துப் போய் மேலாளரின் கார்மேல் வைத்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம், "நீ கூட இருந்தவ. நினைவு ஆராதனைல குடுக்கற தாள்ல நீ எழுதுமா" என்றார்.

எழுதிவிட்டேன். நான் இன்னும் அந்த அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன். நாளை அவர்களும் இந்தத் தாளைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

எஸ்தர் அக்கா, உங்களைப் பற்றி இனி யார் விசாரித்தாலும் என்னிடம் வரட்டும். நீங்கள் உறங்குங்கள். என் பெயரைக் கீழே முழுதாகப் போட்டிருக்கிறேன்.

கலைச்செல்வி