முல்லையாற்றில் தண்ணீர் வந்தால்

டிஸ்கிரீட் மேத்ஸ் இன்டர்னல் தேர்வுத் தாள் கைக்கு வந்தது. 'மலையில் மழை பெய்தால் முல்லையாற்றில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது' என்று, சரியான தர்க்கத்துக்கு நான் எழுதிய உதாரணத்தை சார் தப்பென்று சிவப்பு மையில் சுழித்திருந்தார். எனக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய மார்க்கையன்கோட்டை முத்துலட்சுமியின் தாளிலும் அதே உதாரணம், அதே சுழி. என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள்! சாப்பாட்டு நேரம் வரை முறைத்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"பாத்து எழுதுனா ஒரே மாதிரி இருக்கும், சரி. ஒரே மாதிரி இருந்தா பாத்து எழுதுனதாடி? ரெண்டு பேரும் அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவக, வேற எந்த உதாரணம் தோணும்? மழையே இல்லாம அணையத் தொறந்தாலும் ஆத்துல தண்ணி வரும்ல? எனக்கே இப்பத்தான் உறைக்குது."

தாளில் செய்த தப்பையே அவள்மீதும் செய்திருந்தேன்.

இப்போதும் எனக்குச் சந்தேகம் வராமலில்லை. வாயைத் திறக்கும்முன், 'அணையத் தொறந்துட்டாகளோ?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.