அடுத்த தாளில் வரும்

ஒரு துண்டு இஞ்சியைக் கடைவாயில் அடக்கி, கூடையை இடுப்பில் ஏற்றி, லண்டன் ஷூ லேன் தெரு முனையில் நின்று மூச்சை இழுக்கிறாள் மார்ஜரி கோப். எதிரே விலாங்குமீன் விற்கிறவள் முன்ஜாக்கிரதையாகக் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

"பக்கத்து வீட்டுக்காரன்! பக்கத்து வீட்டுக்காரன் வந்தாச்சு! இன்னிக்கு எவ வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தான்னு தெரியணுமா? வாங்க, வாங்க!"

செயின்ட் பிரைட் கோயில் மணிகூட இவள் ஓய்ந்த பிறகுதான் அடிக்கும் என்று தெருவில் கேலி செய்வார்கள். ஆள் என்னவோ குட்டை. படகோட்டியாக இருந்த புருஷனின் பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டிருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் தொப்பி மட்டும் நடந்து வருவதுபோல் இருக்கும். அச்சு காயாத தாள்களை மார்போடு அணைத்து அணைத்து அவளுடைய மேலங்கியில் எப்போதும் நாலு வரி தலைகீழாகப் படிந்திருக்கும். காப்பிக் கடைக்காரர்கள் அதையே படிக்க முயன்று அவளிடம் அறை வாங்கியிருக்கிறார்கள்.

'பக்கத்து வீட்டுக்காரன்' என்பது செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று முறை வரும் ஓர் அரைத்தாள் பத்திரிகை. போர்ச் செய்தி, கப்பல் செய்தி எதுவும் கிடையாது. ஜெரோம் என்ற கிழட்டு பிரம்மச்சாரி ஜன்னலோரம் உட்கார்ந்து உலகத்துக்குப் புத்தி சொல்லுவார், அவ்வளவுதான். எதிர் வீட்டில் பிளாசம் அம்மாள், ஐம்பதைத் தாண்டிய விதவை. தாள் தொடங்கிய நாளிலிருந்து கிழவர் அவளுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைப்பதோடு சரி. இருவரும் அச்சுக்கூடத்து மாடியறையில் குடியிருக்கும் லவிக்கின் பேனாவில் பிறந்தவர்கள். லவிக் பாதிரியாருக்குப் படித்துவிட்டு, பிரசங்கம் கேட்க ஆள் அகப்படாமல் தாள் எழுத வந்தவர். ஜெரோம் நிஜமான ஆள் இல்லை என்று தெரிந்தே ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் தெரியாமல் நம்புகிறார்கள்.

மார்ஜரிக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. தாளை வாங்கிக்கொள்ள விடியற்காலையில் போகும்போது, அச்சுக்கூடத்துச் சொந்தக்காரி ஹூப்பர் அம்மாள் அன்றைய விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடுவாள்.

"இன்னிக்கு அடக்கத்தைப் பத்திடி."

"யாரோட அடக்கம்மா?"

"யாரோடதும் இல்ல. பொதுவா."

"பொதுவா அடக்கத்தை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

முனைக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் ஒரு பட்டு வியாபாரியின் மகளாகி, அந்த மகள் நடன வாத்தியாரோடு கிரேவ்சென்ட் துறைமுகத்துக்கு ஓடிப்போயிருப்பாள். தாள் பறக்கும். ஒரு மணி நேரம் கழித்து நாவிதர் கெட்ஜ், சவரக் கத்தியும் கையுமாகத் தெருவுக்கு வருவார்.

"ஏ மார்ஜரி, நடன வாத்தியார் எங்கடி?"

"பின்பக்கம் பாருங்க."

"ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன். அந்தக் காலத்து ரோமாபுரி சிசரோ என்ன சொன்னான்னுதான் இருக்கு."

"அப்ப அடுத்த தாள்ல வரும், ஐயா. நல்ல சேதி நடந்துதானே வரணும்?"

வேடிக்கை என்னவென்றால், அடுத்த தாளில் வந்தும்விடும். லவிக் எப்போதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறார், தெருச் சத்தம் தமக்கு ஆகாது என்றும் சொல்லிக்கொள்கிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை மார்ஜரி கூவிய வாத்தியார் வியாழக்கிழமை தாளில் வெள்ளைக் காலுறையோடு வந்து நிற்பார். கேட்டால், கற்பனை என்பது வானத்திலிருந்து இறங்குகிறது என்பார். வானம் ஷூ லேன் முனையில் இஞ்சி மென்றுகொண்டிருக்கும்.

எதையும் கூவுகிறவள் சாவை மட்டும் கூவமாட்டாள். தூக்குமேடையில் கைதி பேசிய கடைசிப் பேச்சு அச்சாகி வந்தால் கூவி விற்கும் மற்றவர்களுக்குத் திருவிழா. இவள் அந்தத் தாளைத் தொடவே மாட்டாள். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு குளிர்காலத்தில், லண்டன் பாலத்தடியில் படகு கவிழ்ந்த சேதியை எவனோ ஒருத்தன் பேர் ஊரோடு கூவிக்கொண்டு போனான். தன் புருஷன் போய்விட்டான் என்பதை மார்ஜரி அவன் வாயால், ரொட்டிக் கடை வாசலில் நின்று கேட்டாள். பிணம் வீடு வந்து சேர மாலையாகிவிட்டது. பாவம், அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மற்றவர்கள் குரல் அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

இந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் சர்க்கார் தாள்களுக்கு முத்திரை வரி போட்டது. வெறும் காகிதத்தையே முதலில் அனுப்பி, மூலையில் சிவப்பு முத்திரை குத்தி வாங்கி வந்துதான் அச்சடிக்க வேண்டும். விற்காமல் நின்றால் காகிதத்தோடு வரியும் குப்பைக்குப் போகும். விலை ஏறியது, கூட்டம் கலைந்தது. அந்தத் தெருவில் பிறந்த தாள்கள் இலையுதிர்காலத்துக்கு முன்பே உதிர்ந்தன. 'பக்கத்து வீட்டுக்காரன்' மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடினான்.

போன வியாழக்கிழமை ஹூப்பர் அம்மாள் மார்ஜரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சனிக்கிழமையோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன். முத்திரைத் தாளும் தீர்ந்து போச்சு. லவிக் ஐயா கடைசித் தாளை எழுதிக் குடுத்துட்டார். கிழவர் தூக்கத்துலயே போயிடுறார். ரொம்ப நல்லா வந்திருக்கு, நானே அழுதுட்டேன்."

"யாரு போயிடுறார்?"

"ஜெரோம்டி. நீ இன்னிக்கே 'கிழவர் படுத்த படுக்கை'ன்னு ஆரம்பிச்சீன்னா, சனிக்கிழமை கொஞ்சம் போகும்."

மார்ஜரி தாள்களை எண்ணி வாங்கினாள். கூடையை எடுத்துக்கொண்டு முனைக்கு வந்தாள். அன்றைக்கு இஞ்சி போடக்கூட மறந்துவிட்டாள். இந்தத் தாள் நின்றால் தூக்குமேடைத் தாள்தான் விற்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி. அதையும்விட, ஒரு கிழவன் செத்தான் என்று தன் வாயால் இந்தத் தெருவுக்குச் சொல்வதா? மூச்சை இழுத்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரன்! சனிக்கிழமை ஜெரோம் கிழவருக்குக் கல்யாணம்! பொண்ணு பிளாசம் அம்மாதான்! கேட்டே புட்டாரு, அவங்களும் சரின்னுட்டாங்க!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள் ஃப்ளீட் தெருக் காப்பிக் கடைகள் அத்தனைக்கும் சேதி போய்விட்டது. மறுநாள் காலை அச்சுக்கூடத்துக்கு ஒரு கல்யாணக் கேக் வந்தது. நாடாக்கடைக்காரர் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று ஒரு பெட்டி வெள்ளை ரிப்பன் அனுப்பினார். காப்பிக் கடைகள் வழக்கமாக ஒன்று வாங்கும் தாளை ஆறு, எட்டு என்று கேட்டுச் சொல்லியனுப்பின. ஹூப்பர் அம்மாள் மை மேஜையில் கேக்கை வைத்துவிட்டு நின்றாள். பிறகு அக்கம்பக்கத்து அச்சுக்கூடங்களில் முத்திரைத் தாள் கடன் கேட்க ஆள் அனுப்பினாள்.

நடுப்பகலில் கிளேர் மார்க்கெட் கசாப்புக்காரர்கள் வந்தார்கள். கல்யாண வீட்டு வாசலில் மாட்டெலும்பால் வெட்டுக்கத்தியைத் தட்டிச் சங்கீதம் செய்து பீர் வாங்கிக் குடிப்பது அவர்கள் பாத்தியதை. ஒரு நாள் முன்னாலேயே வந்ததற்கு, தலைவன் டோபியாஸ் நியாயம் வைத்திருந்தான்.

"நாளைக்கு நியூகேட் மார்க்கெட் பசங்க வந்து எடத்தப் புடிச்சிருவானுங்க, தாயி. அதான் இப்பவே ஒரு தட்டுத் தட்டி வச்சுட்டுப் போலாம்னு. மாப்ள எங்க?"

சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. மாடியிலிருந்து லவிக் பறந்து வந்தார்.

"என்ன அக்கிரமம் இது? யாருக்குக் கல்யாணம்? ஜெரோம் செத்தாச்சு! அச்செழுத்துக் கோத்தும் முடிச்சாச்சு!"

மார்ஜரி வாசற்படியில் உட்கார்ந்து ஒரு துண்டு கேக் தின்றுகொண்டிருந்தாள்.

"அதை அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க, ஐயா."

லவிக் டோபியாஸைப் பார்த்தார். டோபியாஸ் கையிலிருந்த கத்தியையும் பார்த்தார்.

"மார்ஜரி, அது என் வாழ்நாள்லயே நான் எழுதின நல்ல பக்கம்" என்றார், அழாத குறையாக.

"இருக்கட்டும் ஐயா, பத்திரமா வைங்க. மனுஷன்னா என்னிக்காவது சாகத்தான் செய்வான். அதுக்கு முன்னாடி ஒரு நாள் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே."

லவிக் மறுபடி மாடியேறினார். கல்யாணத்தை எழுத உட்கார்ந்தார். கோத்து வைத்திருந்த சாவை ஹூப்பர் அம்மாளே கையால் கலைத்து, எழுத்துகளைப் பெட்டிக்குள் பிரித்துப் போட்டாள். அந்த எழுத்துகளைக் கொண்டே சாயங்காலம் கல்யாணம் கோக்கப்பட்டது.

சனிக்கிழமை மார்ஜரியின் கூடை மூன்று தடவை நிரம்பி மூன்று தடவையும் காலியானது. தெருவெங்கும் தொப்பிகளில் வெள்ளை ரிப்பன். கத்தியும் எலும்பும் அடித்த அடியில் செயின்ட் பிரைட் மணி காணாமலே போயிற்று. தாளில் பிளாசம் அம்மாள் சரி என்று சொல்லும் இடத்தில் லவிக் சிசரோவைக் கூப்பிடவே இல்லை என்று படித்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஹூப்பர் அம்மாள் அடுத்த மாதத்துக்கான காகிதத்தை முத்திரைக்கு அனுப்பலாமா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். அனுப்பினால் கட்டிய வரியைத் திரும்ப வாங்க முடியாது.

நாவிதர் கெட்ஜ் அந்த நேரம் பார்த்துத்தான் வாயைத் திறக்க வேண்டுமா?

"எல்லாம் சரிடி மார்ஜரி. கல்யாணமும் ஆச்சு. இனிமே என்ன இருக்கு? செவ்வாய்க்கிழமை எவன் வாங்குவான்?"

டோபியாஸின் எலும்பு நின்றது. ஹூப்பர் அம்மாளின் முகம் வாடியது. மாடி ஜன்னல் திறந்திருந்தது, அதில் லவிக், கையில் பேனாவோடு. தெருச் சத்தம் ஆகாதவர் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

மார்ஜரி கெட்ஜைப் பார்த்தாள். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு காலிக் கூடையைக் கவிழ்த்து, மேலங்கிக்குள்ளே வயிற்றின்மேல் செருகிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மெல்ல மெல்ல நாலடி நடந்து காட்டினாள்.