படகு நிற்கும் இடம்

யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தடியில், நண்பர்களோடு கம்பனி தொடங்கினேன். படகுக்காரர்கள் நிற்கும் இடத்தையும் பிடித்த மீனையும் போனில் அனுப்புவார்கள். எங்கள் கணினி அதை வியாபாரிகளுக்குச் சொல்லும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு மீன் முதலாளி பார்க்க வந்தார். பெருத்த உடம்பு, வெற்றிலை வாய். பேசுமுன், யாரும் ஒட்டுக் கேட்காதபடி, தன் போனின் பற்றறியைக் கழற்றி வைத்தார்.

"எந்தப் படகு எங்க நிக்குதெண்டு இதில தெரியுமா தம்பி?"

"ஓம் முதலாளி," என்றேன் பெருமையாக.

"நேவிக்காரன் கேட்டா? இயக்கம் கேட்டா?"

"குடுக்கமாட்டம்."

"விசரா உங்களுக்கு? துவக்கோட வாறவனிட்ட மாட்டமெண்டு சொல்ல ஏலாது. எங்களிட்ட இல்லையெண்டுதான் சொல்லலாம்."

அன்றே கணினியிலிருந்த படகு இடங்களையெல்லாம் அழித்தோம். இனி மீனை மட்டும் அனுப்பச் சொல்லிப் படகுக்காரர்களுக்கும் அறிவித்தோம். அடுத்த கிழமை தோளில் துவக்கோடு சிலர் வந்து அதைத்தான் கேட்டார்கள். கணினியைக் கிண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் போனார்கள்.

கம்பனி தொடங்கும் பிள்ளைகளே, தேவையில்லாத தகவலைச் சேர்க்காதீர்கள். பறிக்க ஆள் வரும். துவக்குக்காரர் வருவது அந்த முதலாளிக்கு எப்படித் தெரிந்தது? இன்றும் எனக்குத் தெரியாது.