கத்தி படாத தலை

என் ஓரகத்தியின் தலையிலிருந்து அந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். திருகு இருந்த நாலு இடத்தில் நாலு சின்ன பிளாஸ்திரி. அவ்வளவுதான். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

"ஒண்ணுமே தெரியலக்கா. மெஷின்ல படுத்துக்கினு இருந்தேன், கட்டி மேல கதிர் விட்டாங்களாம். நடுவுல தூங்கிக்கூடப் போயிட்டேன்" என்று சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே கட்டிதான், காது நரம்பில். எனக்கு மண்டையைத் திறந்தார்கள். கண் விழித்தபோது இடது காது கேட்கவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கண் மூடவே இல்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வால்வுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு. கண்ணில் சதா நீர் வடிந்ததால் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவள் கட்டி வெளியே தெரிந்ததே என்னால்தான். ஒரே வீட்டில் அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. ஒருநாள் போன் பேசும்போது வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள்.

"இன்னாடி, காதை மாத்துற?"

"அந்தக் காதுல வண்டு கத்துற மாதிரி ஒரே இரைச்சல்க்கா."

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஒரு வருஷம் எண்ணெய் விட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவளை அந்த வாரமே ஸ்கேனுக்கு இழுத்துப் போனேன்.

அவள் வீடு திரும்பியதும் பெரியபாளையத்திலிருந்து எங்கள் சின்ன மாமியார் பார்க்க வந்தார். "கத்தியே படலையாமே! நீயும் அவசரப்படாம இதையே பண்ணிக்கினு இருக்கலாம்" என்றார், என் வாயைப் பார்த்தபடி.

"கட்டி உள்ளேதான் இருக்குது அத்தை. இப்போ அடங்கினாலும் ஒருநாள் மறுபடி பெருசா வளருமாம். டாக்டரே சொன்னாரு" என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

ரெண்டே நாளில் அந்தப் பேச்சு மாடிக்குப் போய்விட்டது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை, கீழே இறங்கவில்லை. காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று கொழுந்தனார் வருத்தப்பட்டார். அது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வாரம் அவளே, எனக்கும் வைத்தியம் பார்த்த அதே டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள், என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள்.

"மறுபடி வளரும்னு சொன்னீங்களாமே சார்?" என்று நேராகக் கேட்டாள்.

டாக்டர் விழித்தார். "நான் அப்படிச் சொல்லலையே. கட்டி மறையாதுன்னு சொன்னேன். ஆனா பெரும்பாலும் வளராம நின்னுடும். ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தா போதும்மா."

எனக்கு அடக்க முடியவில்லை. "அப்போ எனக்கு ஏன் சார் இதைப் பண்ணல?"

"உங்க கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்துச்சு. மூளைத்தண்டையே அழுத்திக்கிட்டிருந்தது. அவ்வளவு பெருசுக்குக் கதிர் சரிப்படாது. இவங்களுது பட்டாணி அளவு. நல்லவேளை, சீக்கிரம் கூட்டிக்கிட்டு வந்தீங்க."

திரும்பும் ரயிலில் மீஞ்சூரில் அவள் கேட்டாள்.

"டாக்டர் சொல்லலேன்னா, அத்தைகிட்ட அப்படிச் சொன்னது யாருக்கா?"

"நான்தான்."

"ஏன்க்கா?"

"உன்னைப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்குதுடி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொன்னேரி தாண்டியதும், "எனக்கும் உன் மேல வயித்தெரிச்சல்தான்" என்றாள். "உன்னுதை எடுத்துப் போட்டுட்டாங்க. நான் இதைச் சாவுற வரைக்கும் சுமந்துக்கினு திரியணும்."

அதை நான் யோசித்ததே இல்லை. மன்னிப்புக் கேட்காமலே வீடு வந்து சேர்ந்தேன். ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் கட்டி வளரவில்லை என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். "சந்தோஷம்டி" என்றேன். முக்கால்வாசி உண்மை. இப்போதும் அவள் வாய் நிறையச் சிரிக்கும்போது எனக்குள் என்னவோ சுருக்கென்று தைக்கிறது. அடுத்த ஸ்கேனுக்கு என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன்.