ஈஸ்வரி ஜெராக்ஸும் சூட்சும போதினியும்

பட்டாவோ சிட்டாவோ, நகல் சூடாக வெளியே வருவதற்குள் ஈஸ்வரி கேட்டுவிடுகிறார்: “உங்க வீட்டுப் பரண்ல பழைய புத்தகம் ஏதும் கெடக்கா? பச்சை அட்டை, நடுவுல ஒரு கண்ணு போட்டிருக்கும்.” இல்லை என்றாலும் விட மாட்டார். “எதுக்கும் ஏறிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் நகலைக் கையில் கொடுப்பார்.

திருவிடைமருதூரில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை. ஐம்பத்தாறு வயது, பத்தாம் வகுப்புப் படிப்பு, காதோரம் எப்போதும் ஒரு பென்சில். யாரோ பத்திரம் சுற்றிக்கொண்டு வந்த பழந்தாளைக் குப்பையில் போடும் முன் ஒரு நாள் படித்துப் பார்த்தார். பதினான்கு வருடமாகியும் அதிலிருந்து மீளவில்லை.

அது ‘சூட்சும போதினி’யின் தாள். 1911 முதல் 1922 வரை இதே ஊரில் அச்சாகி, மாதம்தோறும் வந்த ஞானப் பத்திரிகை. மூச்சு, கனவு, மறுபிறவி, கோள்களின் பார்வை என்று எதையும் விட்டுவைக்காமல் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். “ரங்கூன், பினாங்கு வரைக்கும் தபால்ல போயிருக்குங்க. இன்னிக்கு நம்ம ஊர்லேருந்து பினாங்குக்கு என்ன சார் போவுது?” என்று கேட்டபோது, பத்திரிகையை அவரே நடத்தியதுபோல ஒரு மிடுக்கு. எனக்கு அவரிடம் பிடித்ததே அந்த மிடுக்குதான்.

நூற்றுப் பதினெட்டு இதழ்களைத் தேடிப்பிடித்து, பத்திரிகையின் வரலாற்றை நோட்டில் எழுதிவருகிறார். ஆனால் ஒரு இதழிலும் கடைசித் தாள் இல்லை. அது பத்திரிகை போட்ட சட்டம். மாதம் ஒரு பயிற்சி அந்தத் தாளில் வரும். வாசகர் அதைக் கத்தரித்தெடுத்து, அமாவாசையில் தொடங்கிப் பௌர்ணமிவரை செய்துவிட்டு, தாளை ஆற்றில் விட்டுவிட வேண்டும். வைத்திருக்கக் கூடாது.

கும்பகோணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹரிஹரசுப்ரமணியன் ஒரு விழா மலரில் எழுதினார்: கடைசித் தாளில் இருந்தது வெறும் விளம்பரம்தான், பயிற்சி என்பது சந்தா பிடிக்கச் சொன்ன கதை. அன்று ஈஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. “நம்ம ஊர்க்காரங்க பன்னண்டு வருஷமாப் பொய் சொன்னாங்களாமா? சொன்னபடி அத்தனை பேரும் ஆத்துல விட்டிருக்காங்க. அதான் ஒண்ணும் மிஞ்சல!” வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரே ஒரு தாள் வேண்டும்.

போன ஆனியில், மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சான்றிதழ் நகலெடுக்க வந்தார் தரங்கம்பாடி ஜெயா. வழக்கமான கேள்விதான். ஜெயா கொஞ்சம் யோசித்தார். “அட்டையெல்லாம் தெரியாதுக்கா. எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா பேருக்கு வந்த தபால் ஒண்ணு பெட்டியில கெடக்கு. அது வந்து சேர்றதுக்குள்ள அவரு கடலுக்குப் போயி திரும்பல. அப்புறம் யாரும் அதைப் பிரிக்கல.”

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுத் தரங்கம்பாடிக்குப் பஸ் ஏறினார் ஈஸ்வரி. 1917ஆம் வருடத்துத் தபால் முத்திரை. வீடே சுற்றி நிற்க, உறையைப் பிரித்தார்கள். கடைசித் தாள் இருந்தது. பதினோரு வரியில் ஒரு மூச்சுப் பயிற்சியும் இருந்தது. “மிராசுதாரும் வக்கீலும் மட்டும் படிச்ச பத்திரிகை இல்லைங்க இது. கட்டுமரத்துல போனவரும் சந்தா கட்டியிருக்காரு” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அந்தச் சந்தாதாரர் பேரை நோட்டில் எழுதினார்.

ஜெயா தாளை இரவலாகத்தான் கொடுத்திருக்கிறார். “ஆடி அமாவாசைக்குள்ள திருப்பிடுங்கக்கா. எங்க வீட்டுக்காரரு ஆரம்பிக்கப் போறாரு.”

போன வாரம் கும்பகோணத்து ஆசிரியர் அந்தத் தாளைப் பார்க்கக் கடைக்கே வந்தார். நானும் இருந்தேன். தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு ஈஸ்வரி காதோரப் பென்சிலை எடுத்து, சீவியிருந்ததையே மறுபடி சீவினார். ஆசிரியர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“நான் எழுதினது தப்பும்மா. அடுத்த மலர்ல திருத்தி எழுதிடறேன். எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுங்கோ.”

ஈஸ்வரி முகமெல்லாம் பூரிப்பாக நகலெடுத்து நீட்டினார். ஆசிரியர் அதை வாங்கி, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“கிழிஞ்சுடாம இருக்க லேமினேட் பண்ணிடுங்கோளேன்.”

“லேமினேட் பண்ணா ஆத்துல கரையாதுங்க சார்” என்று சொல்லிவிட்டு, சூடேறிக்கொண்டிருந்த லேமினேஷன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார் ஈஸ்வரி.