கால் வைக்கிற இடம்

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன், இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுச் சிரித்தவள்தான் நானும். கல்யாணத்துக்கு முன்னால் கீழப்பாவூர்ப் பக்கம் இரண்டு வருஷம் டீச்சராக இருந்தேன். புளியமரத்தில் முனி இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால், அந்த மரத்தடிக்கே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாடம் நடத்துவேன். இன்றைக்கும் பேய் பிசாசில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், வேறு இரண்டு பேர் பக்கத்தில் நிற்கும்போது நடந்தது. இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் என் கணவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அதையும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. என் மகள் உலகு பிறந்து மூன்று மாதம். என் கணவர் பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு, அந்த வருஷம்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்திருந்தார். புளியங்குடியில் எலுமிச்சை லோடு அடித்து ஓய்ந்து, ஒரு கமிஷன் கடைக்காரர் வீட்டுக்குப் பின்னால் பல வருஷமாக நின்ற பழைய பிக்கப் வண்டியை வாங்கிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டை ஒட்டி இருந்த ஓலைக் கொட்டகையில் அதை நிறுத்தினார். போல்ட் போல்ட்டாகப் பிரித்துப் புது வண்டி மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்றார்.

முதல் நாள் சீட்டைத் தூக்கியபோது எலிக்கூடு இருந்தது, உள்ளே கண் திறக்காத குஞ்சுகள், விரல் நுனி போலச் சிவப்பாக நெளிந்துகொண்டு. சீட்டுப் பஞ்சு முழுக்க எலிப் புழுக்கை. பின்னால் லோடு ஏற்றுகிற இடத்தில் எலுமிச்சம்பழம் அழுகி வழிந்து, கறுப்பாகத் தார் போல உறைந்திருந்தது. அதெல்லாம் அருவருப்புதான், ஆனால் நியாயமான அருவருப்பு. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும். இரண்டு பாட்டில் பினாயில் ஊற்றிக் கழுவினார்.

கழுவின பிறகுதான் அந்த இன்னொரு வாடை மேலே வந்தது. பிள்ளை கக்கின பால் தோளில் காய்ந்து, அந்தச் சேலையை மூன்று நாள் துவைக்காமல் மூட்டை கட்டிப் போட்டுவிட்டுப் பிரித்தால் முகத்தில் வந்து அடிக்குமே, அந்த வாடை. டிரைவர் உட்காருகிற கேபினில்தான் அடித்தது, லோடு பக்கம் இல்லை. அவரிடம் சொன்னேன். எலுமிச்சை வாடை அப்படித்தான் புளிக்கும் என்றார். மைதீன் பாய், அவர்தான் தகர வேலைக்கு வந்த டிங்கர், கேபினுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, பிள்ளை பெத்த பொம்பளைக்கு எல்லாமே பால் வாடையாத்தான் இருக்கும் தங்கச்சி என்று சிரித்தார். நானும் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். யாராவது அழுத்திச் சொன்னால் என் மூக்கையே நான் நம்ப மாட்டேன், அது என் சுபாவம்.

அது சீசன் நேரம். சாரல் விழ ஆரம்பித்ததும் மதுரை, மதராஸ் என்று சொந்தக்காரர்கள் அருவியில் குளிக்க வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் பதினான்கு பேர். ஒதுங்கி உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு மூலை இல்லை. அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், வண்டியின் இடது பக்கச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்க ஆரம்பித்தேன். வாடையைப் பொறுத்துக்கொண்டுதான்.

முதல் நாளே பிள்ளை முகத்தைத் திருப்பினாள். மார்பில் வாயை வைத்ததும் கசப்பு மருந்தைத் தொட்ட மாதிரி உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினாள். ஆனால் எனக்கோ அந்தச் சீட்டில் உட்கார்ந்தவுடனே பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். பிள்ளை குடிக்காததால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. பீய்ச்சி எடுக்கிற பாலைக் கால் மிதிக்கிற இடத்தில் கொட்டக் கூடாது, தென்னை மூட்டில், வேர்ப்பக்கமாகத்தான் ஊற்ற வேண்டும் என்று என் மாமியார் பிள்ளை பிறந்த அன்றைக்கே சொல்லியிருந்தாள். நானும் ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு போய் அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் தவிர. வெளியே சாரல், டம்ளரைக் கொண்டு வர மறந்துவிட்டேன், வலி தாங்க முடியவில்லை. ஒரு துணியில் பீய்ச்சினேன், துணியை மீறிக் கொஞ்சம் கீழே கால் வைக்கிற இடத்தில் விழுந்தது. கொஞ்சம்தான். யாராவது பார்த்தால் அசிங்கமாக இருக்குமே என்று காலால் தேய்த்துவிட்டேன். பெருவிரலை ஊன்றிப் பாதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து, ஈரம் தெரியாமல் தேய்த்தேன்.

இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. வாடை அதற்கு முன்பே இருந்தது. சத்தியமாக இருந்தது. பாய் மோந்து பார்த்தது அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால். அப்படியும் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், எது முந்தி, எது பிந்தி என்று.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து உலகு வீட்டுக்குள்ளேயும் பால் குடிக்கவில்லை. என்னைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொண்டாள். சங்கில் பசும்பால் புகட்டினால் அப்படியே கக்கினாள். தென்காசியில் லேடி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வாயில் புண் இல்லை, காய்ச்சல் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தேன், விரல் உள்ளே இறங்கியது. அழுகைச் சத்தமும் குறைந்துபோனது. தாய்க்காரி என்னத்தையோ கண்ட இடத்தில் தின்றிருக்கிறாள் என்று மதுரைச் சித்தி என் காதுபடவே சொன்னாள். இருக்குமோ என்றுதான் யோசித்தேன்.

நான்காம் நாள் மத்தியானம், பன்னிரண்டு மணி இருக்கும். மேகம் இறங்கி இருட்டிக்கொண்டு வந்தது. விருந்தாளிகள் அருவிக்குப் போயிருந்தார்கள், மாமியார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் இவரும் பாயும் கேபினின் அடித்தகரத்தை மாற்றுகிறதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் தகரம் தடிப்பாக இருக்கிறது, ஒட்டுப் போட்டிருக்கிறான் என்று பேசிக்கொண்டது கேட்டது. பாய் உளியை வைத்து அதைக் கிளப்பினார். அடியில் இன்னொரு ஒட்டு. அதைக் கிளப்பினால் அதற்கடியிலும் ஒன்று.

"மிலிட்டரி, இது வண்டியா, பரோட்டாவா? உரிக்க உரிக்க வருது," என்றார் பாய். இவரை மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்.

வாளியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு கைவேலை. மேலே இருந்தது வெல்டிங், அடுத்தது ரிவிட் அடித்தது, அடுத்தது தார் பூசி ஒட்டினது, அதற்கும் அடியில் பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டிப் போட்டது. வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு ஆட்கள் போட்டது என்று எனக்கே தெரிந்தது. மொத்தம் ஆறு. ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் வெள்ளையும் மஞ்சளுமாக, திரிந்த பால் மாதிரி, கெட்டியாக ஒன்று பிதுங்கிக்கொண்டு வந்தது. பல வருஷமாக வெயிலில் காய்ந்து கிடந்த வண்டி. பினாயில் தண்ணீர் இரண்டு நாளில் காய்ந்துபோனது. இது ஈரமாக இருந்தது. எறும்பு வரிசை ஒன்று கதவோரம் வரைக்கும் வந்து, அங்கேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பாய் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை உடனே மண்ணில் தேய்த்தார். ஏன் என்று இவர் கேட்டதற்கு, சுடுது என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் தமாஷ் பேசவில்லை.

ஆறாவது தகடும் வந்தது. அடியில் வண்டியின் சொந்தத் தகரம். முழுசாக இருந்தது. துரு இல்லை, ஊசி முனை அளவு ஓட்டைகூட இல்லை, கம்பெனியில் அடித்த பச்சைப் பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருந்தது.

"ஓட்டையே இல்லியே, மிலிட்டரி," என்றார் பாய். "பெறவு எந்தப் பய இதுக்குப் போயி ஒட்டுப் போட்டான்?"

அவர்கள் இரண்டு பேரும் ஓட்டை இருக்கிறதா என்று தேடினார்கள். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சைப் பெயிண்டில் ஒரே ஒரு இடம் தேய்ந்து தகரம் வெளுத்துத் தெரிந்தது. பிறை மாதிரி வளைந்த தேய்வு. பெருவிரலை ஊன்றிப் பாதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் அந்த மாதிரித் தடம்தான் விழும். ஒரு நாளில் விழாது. மாதக்கணக்கில், தினமும் யாரோ தேய்த்திருக்க வேண்டும். முதல் ஒட்டு போடுவதற்கும் முன்னால்.

அந்த நிமிஷம் என் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, பால் வயிற்றில் வழிந்தது. பிள்ளை அழவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. எந்தப் பிள்ளைக்காக அது சுரந்தது என்று நினைத்ததும் என் உடம்பின் மேலேயே எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

அடுத்து நான் செய்ததற்குக் காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கிடந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி, முழங்கால் போட்டு, அந்தக் கசடை வெறும் கையால் வழித்தேன்.

"கோமதி, ஒனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? பாய் அள்ளுவாருல்லா, கைய எடு," என்று இவர் அதட்டினார்.

நான் எடுக்கவில்லை. பாய் சொன்னது சரிதான், அது சுட்டது. வாய்க்குள் இருந்து வெளியே வந்ததுபோல ஒரு சூடு. நகத்துக்குள் ஏறியது, விரலிடுக்கில் நூல் நூலாக இழுத்தது. இரண்டு தடவை கதவு வழியாகத் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தேன். ஆறு தகட்டையும் வழித்து, தடத்தையும் முந்தானையால் துடைத்து, சிரட்டையைக் கொண்டுபோய்த் தென்னை மூட்டில் குழி தோண்டி ஊற்றி மூடினேன். கையைச் சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, மறுபடியும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு உலகு தானாக முகத்தை என் பக்கம் திருப்பி வாயால் தேடினாள். குடித்தாள். இரண்டு பக்கமும் காலியாகிற வரைக்கும் குடித்தாள். டாக்டரம்மா மருந்து வேலை செய்துவிட்டது என்றார் இவர். செய்திருக்கலாம்.

அடுத்த வாரம் அவர் புளியங்குடிக்குப் போனபோது கமிஷன் கடைக்காரரிடம் அந்த ஒட்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒரு ஒட்டு நான் போட்டதுதான், அதில் அவ்வப்போது ஒரு ஒட்டுப் போட்டால் தாங்கும் என்று எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சொன்னார் என்றாராம். என்னத்தைத் தாங்கும் என்று இவர் கேட்கவில்லை. கடைக்காரர் கடைசியாகக் கேட்டதை மட்டும் அப்படியே வந்து சொன்னார்: "அத ஏன் பிரிச்சிய?"

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒரு வருஷம் வைத்திருந்தார், நான் ஒரு நாள்கூட அதில் ஏறவில்லை. அந்த இடத்தில் மறுபடி எதுவும் வரவில்லை என்பார். பழம்தானே ஏற்றினார், பிள்ளைக்காரி யாரும் அங்கே உட்காரவில்லையே என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். பிறகு பெரிய வண்டி வாங்கியதும் அதைச் செங்கோட்டைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

போன வருஷம் சீசனுக்கு ஐந்தருவிக்குப் போயிருந்தோம். உலகுக்கு அப்போது ஐந்து வயது, பால் மறந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேறு பிள்ளை இல்லை. வண்டிகள் நிற்கிற இடத்தில் நீல நிறப் பிக்கப் ஒன்று நின்றது. நிறம் மாறியிருந்தாலும், கதவில் இவர் தேக்கில் இழைத்துப் போட்ட கைப்பிடி எனக்குத் தெரியாதா. இடது பக்கச் சீட்டில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு. இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் மார்பிலிருந்து முகத்தைத் திருப்பித் திருப்பிச் சிணுங்கியது. கீழே கால் வைக்கிற இடத்தில் புதுத் தகரம் ஒன்று, திருகாணிகளின் பளபளப்புகூட இன்னும் போகவில்லை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "யக்கா, இங்கன ஒரு மாதிரி வாட வருதே, ஒங்களுக்கு வரலியா?"

வந்தது. சாரல் காற்றிலும் வந்தது. இவர் நான்கு எட்டுத் தள்ளி உலகுக்குத் தலை துவட்டிக்கொண்டு நின்றார். விற்ற வண்டியைப் பற்றி என்ன சொல்லுவது, சொன்னால் யார் நம்புவார்கள், ஒருவேளை எல்லாமே என் மனப்பிராந்தியாக இருந்தால், என்று யோசித்து யோசித்து, "எலுமிச்சம்பழ வாடையா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டேன். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு எட்டு நடந்திருப்பேன், நெஞ்சு சுரீரென்று இழுத்தது. குனிந்து பார்த்தேன், ரவிக்கை நனைந்திருந்தது. அருவித் தண்ணீர் இல்லை, நான் அன்றைக்கு அருவியில் குளிக்கவே இல்லை. ஈரம் சேலையில் இறங்கி, ஒரு சொட்டு சிமெண்டுத் தரையில் வெள்ளையாக விழுந்தது. அதைத் தேய்க்க என் வலது கால் நகர்ந்தது. நான் அதை நகர்த்தவில்லை.