அத்தானுக்குத் தெரியாத ஞானஸ்நானம்

அம்மா என்னை வார்டுக் கதவருகே நிறுத்தினாள். யாராவது வந்தால் இருமச் சொன்னாள். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரி, ஆனி மாதத்து மத்தியானம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். காற்று மட்டும் போகாமல் ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டே இருந்தது. மூளைக்காய்ச்சலில் மூன்று நாளாகக் கண் திறக்காமல் கிடந்தார் என் அக்காவின் கணவர். அக்கா மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும்.

அம்மாவின் கையில் ஒரு எவர்சில்வர் தம்ளர். அதில் குழாய்த் தண்ணீர். குழாயில் வந்ததும் தாமிரவருணிதான், அத்தான் தினமும் படித்துறையில் முங்கிக் குளிக்கிற அதே ஆறு.

அத்தான் சைவப் பிள்ளைமார் வீட்டுக்காரர். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். அக்காவை ரிஜிஸ்தர் ஆபீஸில் கட்டியவர். ஞாயிற்றுக்கிழமை அவளை எங்கள் வேதக்கோயில் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஞானஸ்நானம் பெறாதவர். அப்படியே செத்தால் எங்கே போவார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகம் இருந்திருந்தால் தூங்கியிருப்பாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலத்தில், சபைப் போதகரான ஐயர் வந்து சேரும்வரை தாங்காது என்று தெரிந்த குழந்தைகளுக்கு அவளே தண்ணீர் தெளித்திருக்கிறாள். ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம். பிறகு ஐயரிடம் சொன்னால் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் குழந்தைகளில் ஒன்றுகூடப் பிழைத்து வீட்டுக்குப் போனதில்லை.

மூன்று தரம் நெற்றியில் தெளித்தாள். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் தடுமாறினாள். புதுப் பெயர் எதுவும் யோசித்து வந்திருக்கவில்லை. கடைசியில் அவருடைய பெயரையே சொன்னாள். அது சிவனுடைய பெயர். சிவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் நனைத்துவிட்டு, முந்தானையால் துடைத்தாள். நான் இரும வேண்டி வரவில்லை.

ஐந்தாம் நாள் அத்தான் கண் திறந்து காப்பி கேட்டார்.

தேறும்வரை அக்காவும் அவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். முதல் நாள் குளித்துவிட்டு வந்து, பழைய பிலிம் ரோல் டப்பாவிலிருந்து திருநீறு எடுத்துக் குழைத்து நெற்றியில் பூசினார். அடுக்களையில் அம்மா கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

அன்று மத்தியானம் அத்தான் தூங்கிக்கொண்டிருக்க, அக்கா பட்டறையைப் பார்க்கப் போயிருக்க, அம்மா சாப்பாட்டு மேசையில் அப்பாவிடமும் அண்ணனிடமும் தண்ணீர் தெளித்ததைச் சொல்லிவிட்டாள். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பியவர். அண்ணன் எங்கள் சபையை விட்டு, தகரக் கொட்டகையில் கூடும் ஒரு சிறு கூட்டத்தில் சேர்ந்திருந்தான். உலகம் உண்டாகும் முன்பே யார் யாருக்கு மீட்பு என்று குறித்தாயிற்று என்பது அவர்கள் போதனை.

"தெரிந்தெடுக்கப்பட்டவர்னா உன் தம்ளர் வேண்டாம்மா," என்றான் அண்ணன். "இல்லன்னா தாமிரவருணியவே தலையில கவுத்தாலும் ஒண்ணும் ஆவாது."

"ஏலே, அந்த லிஸ்ட்ட நீ பாத்தியோ? உன் பேரு எத்தனாவது பக்கம்?" என்றார் அப்பா.

"பரியாசம் பண்ணுங்க. கடைசியில எல்லாரையும் உள்ள விடுததுன்னா சிலுவை எதுக்கு?"

"எல்லாரையும் உள்ள விடத்தாம்லே. பாதிப் பிள்ளைகள எரிய விட்டுட்டு எந்தத் தகப்பன் அங்கன உக்காந்து பாட்டு கேப்பான்?"

"பைய பேசுங்க, மாப்பிள்ளை தூங்குதாவ," என்றாள் அம்மா. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

அண்ணன் விடவில்லை. "ஞானஸ்நானம் வாங்குன நெத்தியில தினமும் சாம்பல் பூசுதாரே, அதுக்குப் பேரு மறுதலிப்பு. முன்ன அவரு வெளிய நின்னவரு. இப்ப உள்ள வந்து துப்புதவரு. உள்ள இழுத்துவிட்டது யாரும்மா?"

அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "அவனுக்குத் தெரியாதுல்லா. தெரியாதவன் எதை மறுதலிச்சான்? அவன்கிட்ட யாரும் மூச்சு விட்டுராதீங்க."

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்குமான அப்பாவின் இரக்கம் அவள் கைக்குப் பெரிதாக இருந்தது. அதிலிருந்து ஒரு கீற்றை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டாள்: அவருக்குத் தெரியாது. ஐயரிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. குளியலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவாள். ஒரு மாதத்தில் அவள் கை வளையல்கள் முழங்கைவரை ஏறின. அவளுடைய அன்றைய வயதை நான் நெருங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நரகத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த மாதம் அது எங்கள் வீட்டில் குடியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அத்தான் பேட்டைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு. மற்றவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று அம்மா தங்கிவிட்டாள், துணைக்கு நான். அத்தான் ஈரத் தலையோடு வந்து டப்பாவைத் திறந்தார். இந்த முறை அம்மா முற்றத்துக்குப் போகவில்லை.

"மாப்பிள்ளை, இன்னைக்கு ஒரு நாள் அது வேண்டாமே."

அத்தான் அவளைப் பார்த்தார். கோபமில்லை. காய்ச்சலில் வற்றிய முகத்தில் கரிசனம்தான் இருந்தது.

"நீங்க தெளிச்சது எனக்குத் தெரியும் அத்தை," என்றார். "கண்ணத்தான் தொறக்க முடியல, காது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எம் பேரைச் சொன்னீய. கொழுந்தியாள வாசல்ல நிறுத்தி இருமச் சொன்னீய. நல்லதுக்குத்தான செஞ்சீய? எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சங்கடப்படாதீய."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் ஆறுதல்தான். 

"தெரியுமா?" என்றாள் அம்மா. "முழுசாவா?"

"முழுசாத்தான் அத்தை."

உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் பூசிக்கொண்டார். பேப்பரை விரித்து உட்கார்ந்தார். ஈரத்தில் திருநீறு கண்ணுக்குத் தெரியாது. வெறும் நெற்றியாகத்தான் இருந்தது கொஞ்ச நேரம். அம்மா நகரவில்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. மின்விசிறிக் காற்றில் மூன்று கோடுகளும் மெல்ல வெளுத்து மேலே வந்தன.